சத்தம் போடாத கார்

இந்த நாட்டில் காரை 'அவள்' என்கிறார்கள். மில்லிக்கன் என்ற பகுதியில் நான் வேலைக்குச் சேர்ந்த கராஜில், முதல் வாரமே முதலாளி டோனி ஒரு வாகனத்தின் பொனற்றைச் சாத்திவிட்டு "ஷீ இஸ் டெட்" என்றார். யார் செத்தது என்று திரும்பிப் பார்த்தேன். மூன்று வருடத்தில் அதுவும் பழகிவிட்டது. ஒயில் மாற்றுவேன், தரை கழுவுவேன், குளிர்காலத்து ரயர் பூட்டுவேன். எதையும் யோசிக்கத் தேவையில்லாத வேலை. அதனால் எனக்குப் பிடித்திருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஏப்ரல் மாதம், மார்கரெட் என்ற முதிய பெண்மணி காலஞ்சென்ற தன் கணவரின் காரை இழுவை வண்டியில் கொண்டுவந்தார். ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்த பெரிய கறுப்புச் சலூன். தோல் இருக்கைகள், மரப் பலகையில் பதித்த மீற்றர்கள். என்ஜின் ஓடியது, சக்கரம் அசையவில்லை. கிளச் போய்விட்டது என்றார் டோனி. அந்தக் காரில் மற்றக் கார்களைப் போன்ற கிளச்சே கிடையாது என்று எனக்குத் தெரியும். ஸ்ரியரிங்கின் கீழுள்ள சின்னப் பிடியில் அடுத்த கியரை முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும். பிறகு இடது காலால் மிதியை அடிவரை அமத்தி விட்டால் கியர் தானாக மாறும். என்ஜினின் விசையை எண்ணெய்தான் சக்கரத்துக்குக் கடத்தும். அதனால் கார் புறப்படுவதே தெரியாது.

யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரிடம் இதே வகைக் காரை ஒன்பது வருடம் ஓட்டினேன். போரில் ஷெல் குண்டின் துண்டு பட்ட என் மனைவி பத்மாவை அதில்தான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினேன். பெற்றோல் கிடைக்காத காலம். டொக்டர் ஒளித்து வைத்திருந்த கடைசிக் கான் பெற்றோலைத் தந்தார். பின்சீற்றில் பத்மாவின் தங்கை சறோ, அக்காவின் தலையை மடியில் வைத்திருந்தாள். உடைந்த றோட்டிலும் கார் அதிகம் குலுங்கவில்லை. பத்மா மூச்சு விடுவது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை. வலி குறைந்து கண்ணயர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. எந்த இடத்தில் போனாள் என்று சறோவிடம் நான் கேட்டதில்லை.

டோனியிடம் அனுமதி கேட்டு ஏறி உட்கார்ந்தேன். ஒவ்வொரு கியராகக் குறித்து, மிதியைத் திரும்பத் திரும்ப அமத்தி விட்டேன். பல காலம் ஓடாமல் நின்று தளர்ந்த கியர்பொக்ஸ், அப்படி மிதிக்க மிதிக்கத் தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும். அதைச் செய்தவர்களின் கெட்டித்தனம் அது. அரை மணித்தியாலத்தில் கார் மெல்ல முன்னால் நகர்ந்தது. டோனி தலையாட்டினார்.

மார்கரெட் என் கையைப் பிடித்துக்கொண்டு, இதை எங்கே படித்தேன் என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் ஊரில் இப்படி ஒன்றை ஓட்டினேன் என்றேன்.

"அவளுக்கு என்ன நடந்தது?"

"ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துவிட்டாள்."

"ஓ... என்ஜினா?"

"யெஸ்" என்றேன்.

அன்று வேலை முடிந்ததும் ரூஜ் பகுதியில் இருக்கும் சறோவுக்குப் போன் எடுத்தேன். பிள்ளைகளை நீச்சல் வகுப்பிலிருந்து அப்போதுதான் கூட்டி வந்திருந்தாள்.

"சறோ, அக்கா எந்த இடத்திலை போனவ?"

"இப்ப ஏன் அத்தான் உதைக் கேக்கிறியள்?"

"சும்மாதான்."

"ரெயில் கடவை தாண்டேக்கை. என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தவ, விட்டிட்டா. சொன்னால் நீங்கள் காரை நிப்பாட்டிப் போடுவியள் எண்டு பேசாமல் இருந்தனான்."

ரெயில் கடவையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் அவளுக்கு நோகக்கூடாதென்று ஒவ்வொரு குழியாக விலத்தி ஓட்டியிருக்கிறேன்.

"சாப்பிட்டியளே?" என்றாள் சறோ.

"ஓம்" என்றேன். அழுகை வரவில்லை. வரும் என்று சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு மார்கரெட் கேட்டதற்காக அவரை ஏற்றிக்கொண்டு ஸ்ரீல்ஸ் வீதியில் ஓட்டினேன். அந்தக் காரில் ஸ்ரியரிங், எங்கள் ஊரில் போலவே, வலது பக்கம். இங்கே வாகனங்களும் வலது பக்கமாகவே ஓடுகின்றன. நான் நடைபாதைப் பக்க இருக்கையில் இருந்தேன். இந்த நாட்டின் சாரதி இருக்க வேண்டிய இடது இருக்கையில் மார்கரெட் இருந்தார். இடப்பக்கம் திரும்பச் சந்தியில் நின்றோம். எதிரே திரும்பக் காத்திருந்த ஒரு பெரிய வான் மறைத்ததால், நேரே வரும் வாகனங்கள் என் இருக்கையிலிருந்து தெரியவில்லை. அவர் எட்டிப் பார்த்துச் சொல்லும்வரை, போக வேண்டிய கியரைக் குறித்து வைத்துக்கொண்டு, காலை மிதியில் வைத்தபடி காத்திருந்தேன்.