மனுவில் நான் போட்ட கோடு

எண்பதுகளின் நடுவில், பகலில் ஃபோர்ட் பக்கம் ஓர் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டு, மாலையில் சட்ட மேற்படிப்பு படித்தேன். சிறப்புப் பாடம் மனித உரிமைகள். மூன்றாவது மாதமே எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. மாட்டுங்கா வீட்டில் அப்பா காபி கேட்டால்கூட, அம்மாவின் உரிமை பற்றி ஒரு சின்னப் பிரசங்கம் செய்வேன். காபி ஆறிப்போகும். அம்மாதான் மறுபடியும் சுடவைப்பாள்.

கள ஆய்வுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவிக்குப் போனேன். ரயில் பாலம் ஏறி இறங்கினால் வந்துவிடும். ஆனால் இருபத்துநாலு வயதுவரை அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்த்ததில்லை. அங்கே ஒரு சந்தில், சாலையை அகலமாக்கக் குடிசைகளை எடுக்கப் போவதாக நோட்டீஸ் வந்திருந்தது. பழைய கணக்கெடுப்பில் போட்டோ பாஸ், அதாவது குடும்பப் படம் ஒட்டிய குடியிருப்பு அட்டை, வாங்கியவர்களுக்கு மட்டும் மாற்று இடம் உண்டு. அதற்கு மனு எழுதிக் கொடுத்தேன்.

ஓர் அக்கா, திருநெல்வேலிப் பக்கம், தோல் பைகளுக்குக் கைப்பிடி தைப்பவர். கணவர் இறந்து இரண்டு வருடம். பாஸ் கணவர் பெயரில்தான் இருந்தது. அந்தப் பெயரை நான் கேட்டதும் அக்கா சிரித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட எழுந்தார். அவர்கள் ஊரில் புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்வதில்லை, யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த வாரம்தான் வகுப்பில், சட்டத்தின் முன் பெண் தனி ஆள் என்று கேட்டிருந்தேன். அக்காவைத் தடுத்து உட்காரவைத்தேன். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அக்கா பெயரையே எழுதினேன். கணவர் பெயருக்கான கட்டத்தில் நீளமாக ஒரு கோடு போட்டேன்.

"அவிய பேரு இல்லாம எப்டிம்மா?" என்றார்.

அது தேவையே இல்லை என்று அரை மணி நேரம் சட்டம் பேசினேன். அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. மனுவில் உள்ள பெயர் பதிவேட்டில் இல்லை, நேரில் வந்து நிரூபிக்காவிட்டால் மாற்று இடம் கிடையாது. என் கோட்டினால் ஒருவர் தெருவுக்கு வரப் போகிறார்.

லீவு போட்டுவிட்டு அக்காவுடன் மனு கொடுத்த ஆபீசுக்குப் போனேன். அதிகாரி மரியாதையான மனிதர்தான். பாஸ்களை விலைக்கு வாங்கி வருபவர்கள் அதிகம் என்பதால், பாஸுக்கு உரியவர் பெயரை அக்காவே சொல்ல வேண்டும் என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அதிகாரி கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

அக்கா முந்தானையை வாயோரம் கொண்டுபோய், பிறகு எடுத்துவிட்டு, அந்தப் பெயரைச் சொன்னார். சத்தமில்லை என்று அதிகாரி மறுபடியும் கேட்டார். இரண்டாம் தடவை அறை முழுக்கக் கேட்டது. நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு வெட்கம் எனக்கு. அதிகாரி பாஸில் முத்திரை குத்திக் கொடுத்தார். இடம் கிடைத்துவிட்டது.

பிற்பாடு வக்கீலாகி எத்தனையோ மனு எழுதிவிட்டேன். இதை எப்படி எழுதட்டும் என்று கேட்காமல் எந்தக் கட்டத்திலும் பேனா வைத்ததில்லை. அந்தப் பழக்கம் எந்த வகுப்பிலும் வந்ததல்ல.

அன்று பஸ் ஸ்டாப்பில் நான் மன்னிப்புக் கேட்டேன். உங்களைச் சொல்ல வைத்துவிட்டேனே என்று அழுதுவிட்டேன். அக்கா பாஸைப் பிரித்து, போட்டோவில் தன் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவிய இருக்கும்போதே ஒருக்கா சொல்லிருக்கலாம்மா," என்றார். "கேட்டுச் சிரிச்சிருப்பாவ."