பிள்ளையார்பாளையத்தில் பாவு பிடித்த காலை

தாம்பரத்தில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். முகூர்த்தம் வெள்ளிக்கிழமை; நாங்கள் புதன்கிழமையே போய் இறங்கிவிட்டோம். நடுவில் ஒரு நாள் சும்மா கிடந்தது. "காஞ்சிபுரம் பக்கம்தானட்டி, போயிட்டு வந்திருவோமா?" என்று மதினி கேட்டாள். மதினி என்றால் என் அண்ணன் மனைவி கோமதி. பாளையங்கோட்டையில் மாவு மில் நடத்துகிறாள். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். ஆண்துணை இல்லாமல் நாங்கள் இரண்டு பேர் மட்டும் பஸ் ஏறி ஓர் ஊரைப் பார்க்கப் போவது அதுவே முதல் தடவை. 1997 ஆவணி மாதம்.

விடியுமுன் தாம்பரத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். டிக்கெட் பத்து ரூபாய் சொச்சம். படப்பை, வாலாஜாபாத் வழியாக ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். பாலாற்றுப் பக்கம் வெளிச்சம் வந்தபோது மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. "ஆவணியில காலையில மழையா? பெய்யாது" என்று மதினி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

ஆறரை மணிக்குக் காஞ்சிபுரம் பேருந்து நிலையம். முதலில் கைலாசநாதர் கோயில் என்பது எங்கள் திட்டம். வெளியே நின்ற ஆட்டோக்காரர் இருபது ரூபாய் கேட்டார். மதினி நடந்தே போய்விடலாம் என்றாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வழியையும் அவரே சொன்னார்.

"பிள்ளையார்பாளையம் பூந்து போனீங்கன்னா கிட்டம்மா. இந்நேரத்துக்குத் தெருவுல பாவு போட்டுக்கினு இருப்பாங்க, வண்டி உள்ள போவாது. நடந்து போனாத்தான் பாக்க முடியும்."

பாவு என்றால் சேலைக்கு நீளவாட்டில் ஓடும் நூல். தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெருவில் நீட்டிக் கட்டி, கஞ்சி தடவிக் காயவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அந்தத் தெருமுனையில் திரும்பியபோது கண்ணில் பட்டதற்கு நான் தயாராக இல்லை. தெரு முழுக்க நிறம். இடுப்பு உயரத்தில், வாசல்களை ஒட்டி, ஒரு பாவு மாம்பழ மஞ்சளில், அதற்கு அப்பால் ஒன்று அரக்கில், எங்களுக்குப் பக்கத்தில் ஒன்று கத்திரிப்பூ நிறத்தில். ஒவ்வொன்றும் அறுபதடி நீளம் இருக்கும். பட்டு நூல்கள் தனித்தனியாக, விறைப்பாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் ஓடின. காற்று வந்தபோது முழு நீளமும் ஒரே நேரத்தில் சிலிர்த்தது. ஒரு நாய் அதன் அடியில் குனிந்து போயிற்று. பால்காரர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். அந்தத் தெருவுக்கு அது அன்றாடம். எனக்கோ கை தட்ட வேண்டும் போலிருந்தது.

கத்திரிப்பூப் பாவுக்குச் சொந்தக்காரர்கள் ஏழுமலையும் அவர் மனைவி வேணியும். இருவருக்கும் முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டுப் பக்கம் ஏழுமலை நின்றார். மறுமுனை தெருக்கோடியில் ஒரு கம்பத்தில் கட்டியிருந்தது. வேணி கஞ்சி தோய்த்த பெரிய தூரிகையை இழுத்துக்கொண்டே நடந்து வந்தாள். நாங்கள் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

"எந்த ஊருக்கா?"

"திருநவேலி."

"அவ்ளோ தூரத்துலேர்ந்தா! பாருங்க, பாருங்க. நூலு மேல மட்டும் கை வெக்காதீங்க."

அவள் சொல்லி முடிக்கவும் என் மூக்கின் மேல் ஒரு துளி விழுந்தது.

அடுத்த நிமிடம் தெருவே குரலெடுத்தது. எல்லா வீட்டுக் கதவுகளிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். மூன்று பாவுகளையும் ஒரே நேரத்தில் சுருட்டியாக வேண்டும். சுருட்டும் விதம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு முனையில் கட்டையில் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். மறுமுனையைக் கம்பத்திலிருந்து அவிழ்த்து, விறைப்புக் குறையாமல் இழுத்துப் பிடித்தபடி இரண்டு பேர் மெதுவாக நடந்து வரவேண்டும். வேணிக்கு அந்த முனையைப் பிடிக்க வழக்கமாக வரும் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் மஞ்சள் பாவைக் காப்பாற்ற ஓடிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கம்பத்தடியில் நின்றவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

வேணி தூரிகையைப் போட்டுவிட்டு எங்களைப் பார்த்து ஓடி வந்தாள். "அக்கா, புடிப்பீங்களா? எங்க தங்கச்சி கல்யாணப் பொடவக்கா இது!"

மதினி கைப்பையைத் தோளுக்குப் பின்னால் தள்ளினாள். "எதைப் பிடிக்கணும், சொல்லு."

வேணி கயிற்றை அவிழ்த்து, முனையில் கோத்திருந்த தடியின் ஒரு பக்கத்தை மதினியிடமும் மறுபக்கத்தை என்னிடமும் கொடுத்தாள். இவ்வளவு மெல்லிய நூலுக்கு இத்தனை கனமா என்று திகைத்துப் போனேன். பாவு எங்களை முன்னால் இழுத்தது. குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தோம்.

"இழுப்பு வுட்றாதீங்க! வுட்டா சிக்கு வுயுந்துரும். மெதுவா வாங்க. ஓடாதீங்க, தொய்ஞ்சிடும்!"

மழையில் ஓடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்று தெரிந்துகொண்டேன். துளிகள் பெரிதாக விழத் தொடங்கின. உடம்பு முழுவதும் ஓடு ஓடு என்கிறது; காலோ அடி அடியாகத்தான் நகரலாம். எங்களுக்கு இரண்டு பக்கமும் பெண்கள் பிளாஸ்டிக் தாளையும் போர்வையையும் குடைகளையும் பாவின் மேல் விரித்துப் பிடித்தபடி கூடவே நடந்தார்கள். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரம்மா தன் பட்டுச் சேலை முந்தானையையே விரித்துக்கொண்டு "பட்டுகோ, பட்டுகோ" என்று, பிடி பிடி எனத் தன் பாஷையில் எங்களுக்கு உற்சாகம் கொடுத்தார். யார் யாரென்று தெரியாது. அவர்களுக்கும் எங்களைத் தெரியாது.

பாதி தூரத்தில்தான் அந்த ஆபத்து வந்தது. நூல்களை ஒன்று விட்டு ஒன்று பிரித்து வைப்பதற்காக நடுநடுவே மெல்லிய மூங்கில் குச்சிகளைச் செருகியிருந்தார்கள். குச்சி உருவிக்கொண்டால் நூல்களின் வரிசை கலைந்துவிடும். மதினி பக்கத்துக் குச்சி ஒன்று மெல்ல மெல்ல வெளியே நழுவிக்கொண்டிருந்தது.

"ஐயோ, குச்சி! குச்சி!" என்று வேணி அலறினாள். அவள் நின்ற இடம் பத்தடி தள்ளி. கையில் விரித்த தாள். அதை விட்டால் மழை நேராகப் பாவில் விழும்.

எங்களாலும் கையை எடுக்க முடியாது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் "மதினி!" என்று மட்டும் கத்தினேன். மதினி தடியை விடாமல் அப்படியே குனிந்தாள். அந்தப் பெரிய உடம்பு அவ்வளவு வளையும் என்று நான் நினைத்ததே இல்லை. குச்சியின் நுனியைத் தன் மோவாயால் முட்டி, ஒரு தள்ளு. இன்னொரு தள்ளு. குச்சி உள்ளே போய்விட்டது.

தெருவே "ஹோ" என்றது.

கடைசிப் பத்தடியை நான் எப்படி நடந்தேன் என்று நினைவில்லை. ஏழுமலை கட்டையைத் திருகித் திருகிச் சுற்றி, எங்கள் கையிலிருந்த தடியோடு சேர்த்து மொத்தத்தையும் குழந்தையைத் தூக்குவதுபோல அணைத்துக்கொண்டு வாசலுக்குள் நுழைந்தார். அவர் நுழைந்ததும் மழை சோவென்று கொட்டியது.

கூடத்தில் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் ஓரத்தைப் பிரித்து விரலால் தடவிப் பார்த்தார். வேணி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஓரத்துல நாலு எழ நனைஞ்சிருக்குது. அவ்ளோதான். காஞ்சா சரியாப்பூடும்" என்றார் ஏழுமலை. பிறகு மதினியைப் பார்த்தார். "யக்கா, உங்க மோவாய்க்கு ஒரு கும்புடு!"

கூடமே சிரித்தது. உள்ளேயிருந்து கல்யாணப் பெண் சரசு துண்டு எடுத்து வந்து எங்கள் தலையைத் துவட்டினாள். மதினி அவள் தாடையைப் பிடித்து, "இந்தக் கலரு உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

"நாந்தாங்க்கா சொன்னேன். மாமா செகப்புதான் போடணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. ஊரே செகப்புல கட்டிக்கினு நிக்குது, எனக்கு இதான் வேணும்னுட்டேன்."

ஒரு பாவில் மூன்று சேலை வருமாம். இரண்டு விற்பனைக்கு, ஒன்று சரசுவுக்கு. இத்தனை வருடம் நெய்து, தங்கள் வீட்டுக்கென்று நெய்யும் முதல் சேலை என்று வேணி சொன்னாள். காபி வந்தது. எங்கள் உள்ளங்கையில் தடியின் தழும்பு சிவந்திருந்தது. வேணி தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவிவிட்டாள்.

ஒன்பது மணிக்கு மழை விட்டதும் கைலாசநாதர் கோயிலுக்குப் புறப்பட்டோம். மழையில் குளித்த மணற்கல் தேன் நிறத்தில் மின்னியது. சுற்றுச்சுவர் நெடுகிலும் சின்னச் சின்னச் சன்னிதிகள். பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கும் சிங்கங்கள். சில மாடங்களில் இன்னும் அழியாத பழைய வர்ணப்பூச்சு. ஒவ்வொன்றுக்கும் "ஏட்டி, இங்க பாரு, இங்க பாரு" என்று மதினி என்னை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

கருவறையைச் சுற்றிவர ஒரு குறுகலான வழி உண்டு. துவாரத்தில் தவழ்ந்து நுழைந்து, சுற்றிவந்து, அதைவிடச் சின்ன துவாரத்தில் வெளியே வரவேண்டும். வந்துவிட்டால் மறுபிறவி கிடையாது என்றார் அர்ச்சகர். மதினியின் உடம்பைப் பார்த்துச் சற்றுத் தயங்கி, "கஷ்டம்மா" என்றும் சேர்த்துக்கொண்டார். அது போதாதா அவளுக்கு? நுழைந்துவிட்டாள்; பின்னாலேயே நானும் தவழ்ந்தேன். வெளியே வரும்போது இடுப்போடு மாட்டிக்கொண்டாள்.

"பேச்சி! எனக்கு மறுபிறவி இருந்துட்டுப் போட்டும்ட்டி, என்னப் பின்னால இழு!"

நான் சிரித்த சிரிப்பில் இழுக்கத் தெம்பில்லை. அர்ச்சகர்தான் பொறுமையாக, "வலது தோளை முன்னாடி வுடும்மா, மூச்சை வெளிய வுடு, இப்ப வா" என்று சொல்லிச் சொல்லி வெளியே கொண்டுவந்தார். மதினி எழுந்து நின்று சேலையைத் தட்டினாள்.

"இனிமே மறுபிறவி கிடையாதுன்னா, பாக்க வேண்டியதெல்லாம் இந்தப் பிறவியிலயே பாத்திரணும்லா? அடுத்தது எங்கட்டி?"

அடுத்தது சின்ன காஞ்சிபுரம். டவுன் பஸ்ஸில் போய், வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்துத் தூண்களில் தாவும் குதிரைகளைப் பார்த்தோம். தங்கப் பல்லியைத் தொட்டோம். மிளகும் சுக்கும் மணக்கும் கோயில் இட்லியை மந்தார இலையில் வாங்கித் தின்றோம். மூன்று மணிக்குத் திரும்பிப் பஸ் ஏறினோம்.

மதினி உட்கார்ந்தவுடன் தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவை நினைத்துக்கொண்டேன். நல்ல தெருதான். மழை வந்தால் எல்லோரும் அவரவர் வீட்டுக்குள் ஓடுவோம், கதவைச் சாத்துவோம். மழை வந்ததும் வெளியே ஓடிவரும் ஒரு தெருவை அன்றுதான் பார்த்தேன்.

தாம்பரத்துக் கல்யாண வீட்டில் பெண்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். "காஞ்சிபுரம் போயிட்டு வந்தியளே, என்ன சேலை எடுத்திய? காட்டுங்க, காட்டுங்க."

மதினி வெறும் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள்.

"எடுக்கல. பிடிச்சோம்" என்றாள்.