நிழலில் மட்டும் சுடும் துப்பாக்கி

எங்கள் அக்கா செய்த துப்பாக்கியால் ஒருவர் சாக வேண்டுமென்றால் அவர் நிழலில் நிற்க வேண்டும். வெயிலில் நிற்பவரை அது ஒன்றும் செய்யாது. பிள்ளைகளே, நீங்கள் இப்போது கைபேசியில் படபடவென்று சுட்டுத் தள்ளுகிறீர்களே, அதெல்லாம் அன்றைக்கு எங்கள் மலையூரான வில்பட்டியில் ஏது? விளையாட்டையும் நாங்களேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும், ஆயுதத்தையும் நாங்களேதான் யோசிக்க வேண்டும்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு, அக்கா ஏழாவது. நிலாவில் மனிதன் நடந்த கதையைப் பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வந்தவள், இரண்டாயிரத்து ஐம்பதாம் ஆண்டில் அங்கே நடக்கப்போகும் சண்டைக்குக் காலாட்படை சேர்த்தாள். நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சிப்பாய்கள். எந்த ஆயுதமானாலும் அதில் ஒரு குறை இருந்தே ஆக வேண்டும் என்பது அவள் சட்டம். மேகக்குண்டை எறிந்தால் எதிரிக்குக் கண் தெரியாது, எறிந்தவனுக்கும் தெரியாது.

எல்லாவற்றிலும் பெரியது குளிர்த் துப்பாக்கி. எங்கள் ஊரில் தை மாதத்து உறைபனி உருளைக்கிழங்குச் செடியை ஒரே இரவில் கருக்கிவிடும். அந்தக் குளிரைக் குழாயில் அடைத்துச் சுட்டால் எப்படி இருக்கும்? ஆனால் வெயில் பட்டால் பனி போய்விடும் இல்லையா, அதுதான் அதன் குறை. நிலாவின் தண்ணீர்த் தொட்டியை அக்கா மாட்டுக்கொட்டகை நிழலில் வைத்தாள். தாகம் எடுத்த சிப்பாய் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓட வேண்டும்.

சீகை மரக் கட்டையைச் செதுக்கி, பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை அதில் வைத்துக் கட்டி, அடுப்புக்கரி பூசினோம். விளையாடி முடித்ததும் சாக்கில் சுற்றிப் பேரிக்காய் மரத்தடியில் போட்டுவிடுவோம்.

அந்தச் சமயத்தில் சோலைக்காட்டில் யாரோ ஒரு காட்டுமாட்டைச் சுட்டுப் போட்டிருந்தார்கள். கள்ளத் துப்பாக்கி தேடி வனத்துறை ஜீப் ஊர் ஊராக வந்தது. எங்கள் தோட்டத்துக்கும் வந்தது. வனக் காவலரான கார்டு ஒருவரும் அவருக்கு மேலதிகாரியான ரேஞ்சரும் இறங்கினார்கள். கார்டு நேரே போய் மரத்தடிச் சாக்கை இழுத்தார். கரிய குழாய் எட்டிப் பார்த்தது.

“ஏலே, என்னடா இது?” என்று மாமாவின் சட்டையைப் பிடித்தார். மாமா அம்மாவின் தம்பி. அப்பா இறந்த பிறகு எங்கள் தோட்டமும் அடுப்பும் அவரை நம்பித்தான் இருந்தன. அவரோ முகம் வெளுத்துப்போய் நின்றார். “ஏறுடா ஜீப்புல!” என்றார் கார்டு. அம்மா அலறிக்கொண்டு ஓடி ரேஞ்சரின் காலில் விழப்போனாள்.

அக்கா நடுவில் வந்து நின்றாள். “சார், அது எங்களுதுங்க. நிலாவுல சண்டை போடுறதுக்குச் செஞ்சதுங்க.”

“பாத்தீங்களா சார், புள்ளைய விட்டுப் பொய் சொல்ல வைக்கிறாய்ங்க” என்றார் கார்டு.

ரேஞ்சர் துப்பாக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “விசை எங்கம்மா?”

“விசை கெடையாதுங்க. மனசுல நெனச்சாச் சுடும்.”

அவர் சட்டென்று குழாயைக் கார்டின் பக்கம் நீட்டினார். கார்டு ஓரடி பின்வாங்கினார்.

“சாகமாட்டாருங்க சார், வெயில்லதான நிக்கிறாரு” என்றாள் அக்கா.

“அப்படியா? யோவ், அந்தக் கொட்டகை நெழல்ல போய் நில்லுய்யா, பாப்போம்.”

கார்டு அசையவில்லை. கட்டைத் துப்பாக்கிதான் என்று தெரிந்தும் அந்த ஆள் நிழலுக்குப் போகவில்லை! ரேஞ்சர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்படி ஒரு குறையை எதற்கு வைத்தாய் என்று கேட்டார்.

“குறை இல்லாட்டி வெள்ளனே எல்லாரும் செத்துப்போயிருவோம் சார். பெறகு பொழுது சாயுற மட்டும் யாருகூட வெளையாடுறது?”

ரேஞ்சர் துப்பாக்கியை அக்கா கையிலேயே கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் வளைவில் மறையும் வரை மாமா நின்றார். பிறகு பாத்தி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அடி விழும் என்று நான் ஒதுங்கினேன். அவரோ எங்கள் இருவரையும் இழுத்து அணைத்துக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாக அக்காவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அம்மா அன்றைக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அப்படி ஒரு நிம்மதியான சாப்பாட்டை நான் அதற்குப் பிறகும் அதிகம் சாப்பிட்டதில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமல், கேரட் கொண்டுபோவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு மாமா ஒல்லியாக நீண்ட ஒரு சாக்கு மூட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பினார். நானும் வருகிறேன் என்று பின்னால் ஓடினேன். “ஒனக்கு அங்க என்னடா சோலி? வெரசா வீட்டுக்குப் போ” என்று விரட்டிவிட்டார். சந்தைக்குப் போகிறவர் எதற்காகக் காட்டுப் பள்ளத்துப் பக்கம் இறங்குகிறார் என்று மட்டும் யோசித்தேன். சீக்கிரமே வெறுங்கையை வீசிக்கொண்டு, சீட்டியடித்தபடி திரும்பி வந்தார். நல்ல விலை போயிருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஓர் ஆள் உயரத்துக்குக் கேரட் எந்த மலையிலும் விளையாது என்பது அன்று எனக்குத் தோன்றவேயில்லை.