சலவை அறையில் காத்திருந்தோம்

வாசலில் கிடக்கும் சப்பாத்துகளை எண்ணுவதுதான் சனிக்கிழமைகளில் என் முதல் வேலை. பனிக்காலத்தில் அவை உப்புக்கறை படிந்து ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். இருபத்தாறு என்றால் பதின்மூன்று பேர். எத்தனை பேர் என்று குசினிக்குள் இருந்து என் மனைவி கேட்பாள். நான் சொன்னதற்குமேல் மூன்று தட்டுகள் கூடவே எடுத்து வைப்பாள். அது என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் கணிதம் படிப்பித்து நான் ஓய்வுபெற்ற பிறகு, எங்கள் திருச்சபை என்னையும் மனைவியையும் டொரன்டோவுக்கு ஊழியத்துக்கு அனுப்பியது. தனியாக வந்து படிக்கும் இளம் பிள்ளைகளுக்குத் துணையாக இருப்பதுதான் பணி. பிரசங்கம் செய்ததைவிட பஸ்ஸில் போனதே அதிகம். காய்ச்சல்காரரை டாக்குத்தரிடம் கூட்டிப்போவோம், அறை மாறுகிறவர்களின் மெத்தைக்கு ஒரு பக்கம் பிடிப்போம், சோதனைக்கு முன் போனிலேயே ஜெபிப்போம். சனிக்கிழமை எல்லோருக்கும் எங்கள் வீட்டில் சாப்பாடு.

எத்தனை பேர் வந்தார்கள் என்று மாதம் ஒருமுறை ஊருக்கு எழுதினால் போதும். நான்தான் அத்தோடு நிற்காமல் ஒரு கொப்பியில் கோடு போட்டு, பெயர், விலாசம், கல்லூரி, விசா முடியும் திகதி என்று நான்கு நிரல் வரைந்து சுற்றுக்கு விட்டேன். திகதி நெருங்கும்போது பிள்ளைகளுக்கு ஞாபகப்படுத்தலாம் என்று நினைத்தேன். மன்னாரிலிருந்து வந்த ஒரு பெடியன், யாரும் கேட்காமலே சட்டிகளைக் கழுவுகிறவன், "கை ஈரம் அங்கிள், பிறகு எழுதுறன்" என்றான். மூன்று சனிக்கிழமைகள் கை ஈரம். நான்காவது சனிக்கிழமை அவன் வரவில்லை.

அவனோடு படித்த பெண்பிள்ளை சொல்லித்தான் காரணம் தெரிந்தது. அவன் சோதனையில் தவறிக் கல்லூரியை விட்டிருந்தான். விசாவும் முடிந்துவிட்டது. கொப்பி எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போகிறதோ என்று பயந்திருக்கிறான். இப்போது போனும் எடுப்பதில்லை. முடிந்த நாளிலிருந்து தொண்ணூறு நாட்களுக்குள் விண்ணப்பித்தால் சரிசெய்ய வழியுண்டு. நான் விரல்விட்டு எண்ணினேன். அறுபத்தாறு போய்விட்டது.

"நீங்கள் பள்ளிக்கூடம் நடத்துறியள். பிள்ளையள் வீடெண்டு நினைச்செல்லே வருகுதுகள்," என்றாள் மனைவி. அதற்குமேல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் டோர்செட் பார்க்கில் எந்த மாடிக்கட்டடத்தில் இருக்கிறான் என்பது மட்டும் அந்தப் பெண்பிள்ளைக்குத் தெரியும். பதினெட்டு மாடி, மாடிக்குப் பன்னிரண்டு கதவு. இருநூற்றுப் பதினாறு கதவுகளையும் தட்டுவோமா என்று கேட்டேன். "உடுப்புத் தோய்க்க எல்லாரும் கீழை வரத்தானே வேணும்," என்றாள் மனைவி. நிலக்கீழ்ச் சலவை அறையில் உட்கார ஒரு வாங்கு போட்டிருந்தது. சோற்றுப் பெட்டியோடு இரண்டு பிற்பகல்கள் காத்திருந்தோம். அவன் வரவில்லை. மூன்றாம் நாள் கூடையோடு வந்தான். எங்களைக் கண்டதும் திரும்பினான்.

"ஓடாதை ராசா. உவர் கொப்பி கொண்டுவரேல்லை," என்றாள் மனைவி, என்னைக் காட்டி.

அவன் நின்றான். என்னிடம் சொல்வதற்கு ஒன்றுதான் இருந்தது. "தம்பி, இன்னும் இருபத்தொரு நாள் கிடக்கு."

"எண்ணினீங்களா அங்கிள்?" என்றான். "நான் பயத்திலை எண்ணாமல் விட்டிட்டன்." கூடையை வைத்துவிட்டு அழுதான். மெசின் முப்பத்தெட்டு நிமிடம் ஓடியது. அவன் சாப்பிட்டான். என் மனைவி அவனுடைய சேர்ட்டுகளை மடித்தாள்.

வேறொரு கல்லூரியில் இடம் எடுத்து, எண்பத்தேழாம் நாள் விண்ணப்பித்தோம். பதில் வர ஐந்து மாதங்கள் ஆயின. அந்த நாட்களையும் எண்ணினேன். இம்முறை தனியாக இல்லை. காலை ஏழு மணிக்கு அவன் போன் வரும். "அங்கிள், இண்டைக்கு எத்தினை?"

அனுமதி கிடைத்து இப்போது இரண்டு வருடம். எண்ணுவதற்கு ஒன்றும் மீதியில்லை. ஆனாலும் ஏழு மணிக்கு அழைக்கிறான். ஏழு ஐந்தாகியும் மணி அடிக்காவிட்டால் நான் யன்னலுக்கும் கதவுக்குமாக நடக்கத் தொடங்கிவிடுவேன்.

"இருங்கோவன்," என்பாள் மனைவி, தானும் போனைப் பார்த்தபடி. "பெடியன் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பான்."