ஒரு தட்டு இடது, இரண்டு தட்டு வலது

பொன்னுசாமி அண்ணாச்சி போய்விட்டார் என்ற செய்தி காலை ஏழு மணிக்கு வந்தது. தேநீர்க் கிளாஸ் என் கையில் இருந்தது. அவருடைய மகன் போன் செய்து, "மாமா, அப்பா போயிட்டாங்க. நேத்து உங்ககிட்டதான் கடைசியாப் பேசுனாங்களாம்" என்றான். நேற்று அவர் பேசியது கேரம் பலகையைப் பற்றித்தான். அதை ஏன் சொல்ல வேண்டும் என்று, "சரிப்பா, வாரேன்" என்றேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பதினாறாம் நாளுக்கு அச்சடிக்கும் இந்தச் சிறு புத்தகத்துக்காக நான் சொல்லிக்கொண்டு வருகிறேன், என் பேத்தி எழுதுகிறாள். அண்ணாச்சியைத் தெரிந்தவர்கள் தாராவியில் நிறையப் பேர் உண்டு. ஆனால் அவர் ஒருகாலத்தில் ஒரு வீட்டையே காருக்குப் பின்னால் கட்டி இழுத்தவர் என்பதைப் பார்த்தவர்களில் இன்று இங்கே மிச்சம் நான் ஒருவன்தான்.

அறுபதுகளில் எனக்குத் தாராவியில் ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. அண்ணாச்சி தேவ்நார் பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். லாரி முதலாளி வண்டிகளை விற்றுவிட்டதால் வேலை போனது. அப்போது செம்பூரில் சேஷாத்ரி சார் என்று ஒரு பெரிய உத்தியோகஸ்தர் இருந்தார். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அவர் ஒரு ஸ்டேஷன் வேகனும், அதற்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற ஒரு சின்னப் பெட்டிவீடும் வாங்கியிருந்தார். இரண்டே சக்கரம், ஒரே கதவு, உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு மேடை. சார் அதை டிரெய்லர் என்பார். எங்களுக்கு அது பெட்டிவீடுதான்.

சார் அதை உல்லாசத்துக்கு வாங்கவில்லை. அவர் வீட்டு மாமிக்கு மடி ஆசாரம் அதிகம். வெளியில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கோயில் குளம் என்று போக ஆசை, போனால் பட்டினி. பெட்டிவீடு வந்ததும் அந்தக் கவலை தீர்ந்தது. குளித்து மடியோடு உள்ளே ஏறிவிடுவார். மற்றவர்கள் காரில். போகிற இடத்தில் கதவைத் திறந்தால் சாதம் தயாராக இருக்கும்.

வேலைக்கு எடுக்கும்போது சார், "இதைக் கட்டிண்டு ஓட்டுவியா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணாச்சி, "ஓட்டுவேன் சார்" என்றிருக்கிறார். பிறகு என்னிடம் வந்து சொன்னார்: "ஏல சுடல, முன்னால போவியான்னு கேட்டாவளா, பின்னால எடுப்பியான்னு கேட்டாவளா? ரெண்டும் கேக்கல. நானும் சொல்லல."

உண்மை இதுதான். முன்னால் இழுப்பதில் அவருக்கு இணை கிடையாது. பின்னால் எடுக்க மட்டும் வராது. ரிவர்ஸ் போட்டால் பெட்டிவீடு தன் இஷ்டத்துக்கு மடங்கிக்கொண்டு குறுக்கே நிற்கும். ஒருநாள் விடியற்காலையில் தேவ்நார் மைதானத்தில் முயன்று பார்த்துவிட்டு, வியர்த்துப்போய் இறங்கினார். அதற்குப் பிறகு அவர் கண்டுபிடித்த வழி, பின்னால் எடுக்க வேண்டிய இடத்துக்கே போகாமல் இருப்பது. இரண்டு வாசல் உள்ள பெட்ரோல் பங்கில்தான் நிறுத்துவார். கோயில் ஊர்களில் வட்டமடிக்க இடமுள்ள மைதானமாகப் பார்த்து நிறுத்துவார். செம்பூர் வீட்டு வாசலுக்கு வந்ததும், "சாருக்குச் சிரமம் வேண்டாம்" என்று கொக்கியைக் கழற்றி, எங்களில் நாலு பேரை வைத்துக் கையால் உள்ளே தள்ளிவிடுவார். நாலு வருடம் இப்படியே ஓடியது. வெளியே சிரிப்பார். உள்ளுக்குள் அவருக்கு அது தினமும் ஒரு சிறைதான். "எந்தச் சந்துலயாவது ஒருநாள் மாட்டிக்கிடுவேம்லே" என்று என்னிடம் மட்டும் சொல்வார்.

மாட்டிய நாளில் என் கைவேலையும் இருந்தது. நாசிக் போய்வந்தபோது கொக்கியின் ஆணி குலுங்கி மேலே எழும்பிவிட்டது. ஒரு திருடன் ஜன்னல் வழியாகக் கைவிட்டு மாமியின் பாத்திரங்களையும் எடுத்துப் போயிருந்தான். அதனால் அடுத்த பயணத்துக்கு முன் பெட்டிவீட்டை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். ஜன்னல்களுக்குக் கம்பி வைத்துப் பற்றவைத்தேன். ஆணியையும் அசையாதபடி பற்றவைத்துவிட்டேன். "திரும்பி வந்ததும் அறுத்து விட்டுருதேன், அண்ணாச்சி" என்றேன். "நல்லா அடி. மாமி உள்ள இருக்காவ" என்றார் அவர். இனிக் கழற்ற முடியாது என்பதால், கிளம்பும்வரை வண்டி செம்பூர் வீட்டுக்கு வெளியே தெருவிலேயே நின்றது.

இரண்டு வாரம் கழித்து ஆனி மாதத்தில் பண்டரிபுரத்துக்குக் கிளம்பினார்கள். மாட்டுங்காவில் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்படுவதாக ஏற்பாடு. தேங்காய் உடைத்து முடியவும் மழை பிடித்தது. பம்பாய் மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கிங்ஸ் சர்க்கிளில் இடுப்பளவு தண்ணீர். அண்ணாச்சி ரயில் பாலத்தைத் தாண்டித் தாராவிப் பக்கம் திருப்பினார். பெரிய ரோட்டில் மாட்டுவண்டிகள் அடைத்துக் கிடந்தன. என் பட்டறைச் சந்து அந்தப் பக்கம் போய்ச் சேரும் என்பது அவருக்குத் தெரியும். இரண்டு வாரம் முன்பு அதில்தான் நுழைந்து வெளியே போனார். அதே தைரியத்தில் நுழைந்துவிட்டார்.

தாராவியில் இரண்டு வாரம் என்பது நீண்ட காலம். சந்தின் பாதியில் யாரோ புதிதாக ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள்.

நான் சத்தம் கேட்டு ஓடினேன். கார் அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கிறது. இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர். கார்க் கதவைத் திறக்க இடமில்லை. பெட்டிவீட்டின் ஒரே கதவும் அப்படித்தான். சாரையும் இரண்டு பிள்ளைகளையும் கார் ஜன்னல் வழியாக வெளியே இழுத்தோம். மாமியை இழுக்க வழியில்லை. ஜன்னலில் நான் வைத்த கம்பி. தனியாகக் கழற்றித் தள்ளலாம் என்றால் கொக்கியில் நான் பற்றவைத்த ஆணி. மின்சாரம் போய்விட்டது. கைரம்பத்தால் ஆணியை அறுத்தேன். ஆணி தண்ணீருக்குள் இருந்தது. பிளேடு முறிந்தது. என்னிடம் வேறு பிளேடு இல்லை.

சார் கத்தினார்: "ஏன்டா நிக்கற? பின்னால எடு!"

அண்ணாச்சி முன்னால் இருந்த சுவரையே பார்த்துக்கொண்டு, "இஞ்சின் சூடாயிருக்கு சார், கொஞ்சம் பொறுப்போம்" என்றார். பிறகு, "மழை விடட்டும் சார்" என்றார். பத்து நிமிடம் இப்படிப் போனது. தண்ணீர் சக்கரத்தின் நடுவுக்கு ஏறிவிட்டது. இஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால் பிறகு யார் நினைத்தாலும் வண்டி அசையாது. அவர் ஏன் பொறுக்கச் சொல்கிறார் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் பாதி என் கணக்கில் சேர வேண்டியது.

அப்போது பெட்டிவீட்டுக்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது. கத்தவில்லை. "பொன்னுசாமி, உள்ளே தண்ணி வந்துடுத்து. அடுப்பு அணைஞ்சுடுத்து. நான் கட்டில் மேல ஏறி நிக்கறேன்."

அண்ணாச்சி கார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். முகத்தில் மழை வழிகிறது. "சார், எனக்கு இதப் பின்னால எடுக்கத் தெரியாது. நாலு வருசமாத் தெரியாது" என்றார்.

ஒருவன் கூரையை உடைக்கலாம் என்று கடப்பாரை தேடி ஓடினான். மாமிதான் முதலில் பேசினார். "தெரியாதுன்னா யாருக்குத் தெரியுமோ அவா சொல்லட்டும். சீக்கிரம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையால் தள்ளும்போது நாங்கள் என்ன செய்வோம்? வால் வலது பக்கம் போக வேண்டுமென்றால் மூக்கை இடது பக்கம் தள்ளுவோம். "அண்ணாச்சி! வாலு எந்தச் சுவத்துல இடிக்க வருதோ, அந்தப் பக்கமே ஸ்டேரிங் வளையத்தத் திருப்புங்க!" என்று கத்தினேன்.

"இடிக்கப் போற பக்கமேவா? வெளாடுதியால?"

"ஆமா! அந்தப் பக்கமேதான்!"

பின்னால் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நான் பின்னால் போய் நின்றால், மழைச் சத்தத்தில் என் குரல் அவருக்கு எட்டாது. மாமி ஒரு பித்தளைத் தட்டையும் கரண்டியையும் எடுத்தார். பின்ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து பார்த்து, வால் இடது சுவரை நெருங்கினால் ஒரு தட்டு, வலது சுவரை நெருங்கினால் இரண்டு தட்டு என்று பேச்சு. வண்டி நகர்ந்தது. மாமி ஒரு தட்டு தட்டினார். பெட்டிவீடு நேராகப் போய் வலது சுவரில் மோதியது.

"அட ராமா! நான் திரும்பின்னா நிக்கறேன்! என் இடது அவனுக்கு வலது!" என்றார் மாமி. அந்த நேரத்திலும் சந்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு தப்பவில்லை. ஒரு தட்டு. ஒரு முழம் நகரும். இரண்டு தட்டு. அரை முழம். இரண்டு பக்கமும் ஜனங்கள் "ஆனே தோ, ஆனே தோ" என்று வரச்சொல்லிக் கையசைக்கிறார்கள். ஒரு வீட்டுக்காரர் தன் வாசற்படிக் கல்லைத் தானே பெயர்த்துக் கொடுத்தார். அந்தச் சந்தை நடந்து கடக்க இரண்டு நிமிடம் போதும். பின்னால் எடுத்து வெளியே வர எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. வெளியே வந்து கதவு திறந்ததும் மாமி இறங்கவில்லை. "பிள்ளைகள் சாப்பிட்டாளா?" என்றுதான் கேட்டார்.

மறுநாள் சார் கூப்பிட்டு அனுப்பினார். வேலை போய்விட்டது என்றே அண்ணாச்சி என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"நாலு வருஷமா ஒரு தடவைகூடவா பின்னால எடுக்கல?" என்றார் சார்.

"எடுக்க வேண்டாத எடமாப் பாத்துப் பாத்துக் கூட்டிட்டுப் போனேன், சார்."

உள்ளேயிருந்து மாமி, "ஏன்னா, அதான் ஒவ்வொரு கோயிலுக்கும் நம்மள அரை மைல் நடக்க வெச்சானா இவன்!" என்றார். சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலை தப்பியது.

அந்த வாரமே நான் ஆணியை அறுத்தேன், ஜன்னல் கம்பியையும் அறுத்தேன். அண்ணாச்சி ஞாயிறுதோறும் தேவ்நார் மைதானத்தில் பழகினார். மூன்று மாதத்தில் செம்பூர் வீட்டு வாசலுக்குள் ஒரே மூச்சில் பின்னால் எடுத்து நிறுத்தினார். பிறகு சாருக்கு டெல்லிக்கு மாற்றலாகி, காரும் பெட்டிவீடும் யாரிடமோ போய்விட்டன. அண்ணாச்சி டாக்சி ஓட்டினார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார். மகன் வாஷியில் தன் ஏழாம் மாடி வீட்டுக்கு அழைத்துப்போனான். "லிப்ட் கதவு மூடினா மூச்சு முட்டுதுலே" என்று ஒரு மாதத்தில் தாராவிச் சந்துக்கே திரும்பிவிட்டார்.

எந்தப் பஞ்சாயத்துக்குப் போனாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "உனக்குத் தெரியுமா தெரியாதா, அத மொதல்ல சொல்லு" என்பதுதான். அது எங்கிருந்து வந்தது என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது நான் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அவரைத் தூக்கிய அன்று கால் முன்னால் இருக்கப் பாடை வீட்டைவிட்டுச் சந்தில் இறங்கியது. பத்தடி போனதும் நின்றுவிட்டார்கள். சாக்கடை வேலைக்காகச் சந்தின் குறுக்கே குழி வெட்டிப் போட்டிருந்தார்கள். அந்த இடுக்கில் பாடையைத் திருப்ப முடியாது. தோளில் பாரத்தோடு நாலு பேரும் உடம்பைத் திருப்பவும் முடியாது. சந்தின் மறு முனைவரை பின்னாலேயே நடந்து வர வேண்டும். பறைச் சத்தத்தில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை. அவருடைய மகன் திரும்பி என்னைப் பார்த்தான். "என்ன மாமா செய்ய?"

நான் அவர்களுக்குப் பின்னால் போய், அவர்கள் பார்த்த பக்கமே பார்த்து நின்றேன். பறையை நிறுத்தச் சொல்லி, பையன்களிடம் தட்டுக் கணக்கைச் சொன்னேன். அழுகைச் சத்தம் மட்டும் ஓயவில்லை. பக்கத்துத் தகரச் சுவரில் உள்ளங்கையால் அடித்தேன். ஒரு தட்டு இடது, இரண்டு தட்டு வலது. பையன்கள் புரிந்துகொண்டார்கள். ஒரு முழம், அரை முழம். பாடையின் மூங்கில் ஒரு சுவரிலும் உரசவில்லை.

வெளிச்சம் வந்த இடத்தில் கையை எடுத்தேன்.

"ரோடு வந்துட்டு, அண்ணாச்சி. இனி நேராப் போங்க."