வடிகாலில் போன மலை

பாறை ஆய்வுக்கூடத்தின் சாம்பிள் அறைக்குள் செருப்போடு நுழைந்தவர் யாரும் மறுமுறை அந்தத் தவறைச் செய்ததில்லை. அந்த அறையை ஆண்டவர் பளிச்சக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அவரைவிட வயதில் மூத்த மேனேஜர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

கூட்டிப் பெருக்கும் வேலைக்குத்தான் வந்தார். ஒருநாள், துளை போடும் இடத்திலிருந்து வந்த கல் சில்லுகள் சேறு அப்பிக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல், சல்லடையில் கொட்டிக் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவிவிட்டார். யாரும் சொல்லவில்லை. திட்டு விழும் என்று பயந்து நின்றவரிடம், பூதக்கண்ணாடியால் பார்த்த பாறை நிபுணர், "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் கல்லைக் கல்லாப் பார்க்கிறேன்" என்றார். கையிலிருந்த துடைப்பம் போய், அறையே அவர் பொறுப்பில் வந்தது. கழுவுவது, உலர்த்துவது, அரைப்பது, பொட்டலம் கட்டி மாடிக்கு அனுப்புவது எல்லாம் அவர்தான். சும்மா சொல்லக் கூடாது, அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு பையின் தூசி அடுத்த பையில் விழுந்ததில்லை. நல்ல கல் உள்ளே இருக்கும், மண் என்பது மேலே ஒட்டிய அழுக்கு. இதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

அவருக்கென்று ஒரு எதிரியும் இருந்தார். துளை போடும் ஆட்களின் மேஸ்திரி. மூக்கின் மேல் கோபம் உள்ள மனிதர். முழங்கால்வரை சேறோடு வந்து, பைகளைத் தொப்பென்று போடுவார்.

"ஏண்ணே, மலையவே தூக்கிட்டு வந்துட்டீங்களா? கொஞ்சம் அங்கயும் விட்டுட்டு வரக் கூடாதா?"

"மண்ணு தோண்டுறவன் கால்ல மண்ணு இல்லாம பவுடரா இருக்கும்?"

வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கச்சேரி நடக்கும். மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

அந்தக் கோடையில் மேஸ்திரியின் ஆட்கள் ஊருக்குப் பின்னாலிருந்த மலையில் துளை போட்டார்கள். வழக்கமாக வரும் கெட்டிச் சில்லுகள் இல்லை. பையைத் திறந்தால் பிசுபிசுவென்று சிவந்த சேறு. பளிச்சக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டே சல்லடையில் ஏற்றினார். குழாயடியில் சேறெல்லாம் ஓடி, அடியில் கொஞ்சம் வெள்ளை மணல் மினுங்கியது. அதை அரைத்துப் பொட்டலம் கட்டி அனுப்பினார். மாடியில் புதிதாகச் சேர்ந்திருந்த கெமிஸ்ட்டுக்குக் கழுவின விஷயம் தெரியாது. கழுவாதீர்கள் என்று சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. கல்லை ஆராய்ந்தே பழகிய இடத்தில் யாருக்குமே தோன்றவில்லை.

பரிசோதனையில் எதுவும் தேறவில்லை. மேனேஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஜீப் போற ரோட்டோரமாவே சோம்பேறித்தனமாத் தோண்டிட்டு, மலை உச்சி வரைக்கும் போனேன்னு கதை விட்டுக் கூலியைத் திருடியிருக்கான்" என்று மேஸ்திரியை எல்லோர் முன்னாலும் பிடித்து உலுக்கினார். மேஸ்திரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. அவரும் அவருடைய ஆட்களும் சனிக்கிழமையோடு கணக்கு முடித்துக்கொண்டு போக வேண்டியது என்று முடிவாயிற்று. திருடன் என்ற பெயரோடு போகிறவனை வேறு எந்தக் கம்பெனி சேர்க்கும்?

பளிச்சக்காவுக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்தான். இனிமேல் தரை தப்பித்தது.

சனிக்கிழமை காலை டீ குடிக்கும் நேரத்தில் அவர் கெமிஸ்ட்டிடம் சும்மா பேச்சுக் கொடுத்தார். "அந்த மலையில அப்படி என்னதான் தம்பி தேடினீங்க?"

கெமிஸ்ட்டுக்கு இதைக் கேட்க ஒரு ஆள் கிடைத்ததே பெரிய விஷயம். "அரிய மண் தனிமங்கள்னு பேரு, அக்கா. மோட்டார்ல, போன்ல இருக்கிற காந்தத்துக்கெல்லாம் அதுதான் வேணும். கிரானைட்டுக்குள்ள பொடிப்பொடியா ஒளிஞ்சிருக்கும். கிரானைட்டுன்னா கெட்டின்னு நினைக்கிறோம், மழை பெய்ஞ்சு பெய்ஞ்சு லட்சக்கணக்கான வருஷத்துல அதுவும் மக்கிடும். இலைதழை அழுகின புளிச்ச தண்ணி உள்ள இறங்கும்போது இதுங்களையும் கரைச்சுக் கீழ கொண்டுபோகும். அதுக்குள்ள பாறை பாதி களிமண்ணா மாறியிருக்குமா, அந்தக் களிமண்ணு அப்படியே பிடிச்சு வச்சுக்கும்."

"தண்ணி பட்டா அதுவும் போயிடாதா?"

"வெறும் தண்ணிக்குக் களிமண்ணை விட்டு வராதுக்கா. தலையில தேய்ச்ச எண்ணெய் வெறும் தண்ணிக்கு அசையுமா? உப்புக் கரைசல் ஊத்தினாத்தான் விடும்."

"களிமண்ணு போக, மிச்சம் மணல் இருக்குமே தம்பி? அதுல?"

"அதுல என்ன இருக்கும்? ஒண்ணும் இருக்காது."

பளிச்சக்கா டம்ளரை அப்படியே கீழே வைத்தார். எழுந்து கொல்லைப்புறம் போனார். குழாயடித் தண்ணீர் வடிந்து தேங்கும் தொட்டி அங்கே இருந்தது. உள்ளே சிவந்த சேறு கெட்டியாகப் படிந்து கிடந்தது. கோடை முழுவதும் அவர் கையாலேயே ஊற்றிய மலை.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் அறை போகும். இருபது வருஷம் சம்பாதித்த பேர் ஒரு நிமிஷத்தில் போகும். பயமாகத்தான் இருந்தது. வாசல் பக்கம் லாரியில் குழாய்கள் ஏற்றும் சத்தம் கேட்டது. ஒரு வாளி சேற்றை அள்ளிக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனார்.

"சார், மேஸ்திரி மேல தப்பில்ல. அவர் கொண்டுவந்ததை நான்தான் கழுவிக் கொட்டிட்டேன்."

மேனேஜர் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். "அக்கா, நீங்க நம்ம ஆளு. அவன் கான்ட்ராக்ட்ல வந்தவன், எங்கயாவது பொழைச்சுக்குவான். வேற ஆளை வச்சுத் திரும்பத் தோண்டிக்கலாம். இதை இதோட விட்டுருங்க."

"எப்படி சார் விடுறது? திருடன்னு பேரு வாங்கிட்டுப் போறாரே அந்த மனுஷன்!"

சாத்திய கதவைத் திறந்து, வராந்தாவில் நின்று, அவருக்கே உரிய அந்தக் கூரான குரலில் மேஸ்திரியைக் கூப்பிட்டார். எல்லோரும் வந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி, ஒரு சொல் குறைக்காமல், திரும்பவும் சொன்னார். நம்மில் எத்தனை பேர் முதல் தடவையே சொல்லியிருப்போம்?

கெமிஸ்ட் வாளிச் சேற்றில் கொஞ்சம் எடுத்து உப்புக் கரைசலில் குலுக்கி வடிகட்டினார். தெளிந்த நீரில் ஏதோ அமிலம் சில சொட்டு விட்டார். பால் விட்டதுபோல் வெளுத்துத் திரண்டது. "இருக்குற மாதிரிதான் தெரியுது, மெஷின்லயும் பார்க்கணும்" என்றார். அன்று மாலையே மெஷினும் ஆமாம் என்றது. ஆனால் எந்தத் துளையின் மண் எது என்று தொட்டிக்குத் தெரியுமா? மலையைத் திரும்பவும் முதலிலிருந்து துளைக்க வேண்டும்.

அன்று இரவு வீட்டில் பளிச்சக்கா சொன்னதையெல்லாம் கேட்ட பஸ் கண்டக்டரான அவர் கணவர், "என் சட்டைப் பையில இருந்த பர்ஸைத் துவைச்ச அன்னைக்கே நினைச்சேன், ஒருநாள் நீ மலையவும் விடமாட்டேன்னு" என்றார். அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

திங்கட்கிழமை மேனேஜர் எல்லோரையும் கூட்டினார். மேஸ்திரியிடம் வேண்டாவெறுப்பாக ஒரு வருத்தம் தெரிவித்து, மலையைத் திரும்பத் துளைக்கச் சொன்னார். பிறகு, "இனிமே மண் சாம்பிளைப் பார்க்க வெளியிலேருந்து விவரம் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் வருவாரு. அக்கா பழையபடி கூட்டிப் பெருக்கட்டும்" என்றார்.

பளிச்சக்கா தலைகுனிந்து நின்றார். எதிர்பார்த்ததுதான் என்றாலும் கண் கலங்கியது.

மேஸ்திரி முன்னால் வந்தார். "அப்படின்னா துளை போட வேற ஆளைப் பார்த்துக்குங்க."

"என்னய்யா இது? உன் பொழைப்புல மண்ணைப் போட்டவங்களே இவங்கதானே!"

"ஆமா சார். அதை நீங்களா கண்டுபிடிச்சீங்க? அவங்களேதான் வந்து சொன்னாங்க. நாளைக்கு இன்னொருத்தர் கையில தப்பு நடந்தா என்கிட்ட யாரு வந்து சொல்லப் போறா? என் மண்ணை இவங்க கையிலதான் குடுப்பேன்."

மேஸ்திரி பதிலுக்குக் காத்திராமல் பளிச்சக்கா பக்கம் திரும்பி, எப்போதும்போல் எரிச்சலாகவே கேட்டார்:

"சொல்லுங்கக்கா, பையை ஈரமா அனுப்பவா, காயவச்சு அனுப்பவா?"