அங்கயே நில்லு

மகளின் இடுப்பு பெல்ட்டில் ஒட்டியிருந்த நாடாவை எதிரணிச் சிறுமி பர்ரென்று பிய்த்தாள். ஆளைப் பிடித்துத் தள்ளுவதற்குப் பதில் நாடாவைப் பிய்த்து நிறுத்துகிற டேக் ரக்பியில் மகளுக்கு இன்றுதான் முதல் நாள். அவள் பந்தோடு ஓடிக்கொண்டே இருந்தாள். கோச் கத்தினார்: "நாடா போச்சுன்னா அங்கயே நில்லு! நகராத!"

நான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

இதே பெருங்களத்தூர்தான். தீபாவளிக்கு முந்தின நாள், எனக்கு ஆறு வயது. ஊருக்குப் போகிற கூட்டம் ரோட்டை அடைத்திருந்தது. கூட்டமென்றால் அம்மா தன் முந்தானையை என் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுவிடுவாள். அன்றும் போட்டிருந்தாள். பஸ் வந்ததும் பின்னாலிருந்தவர்கள் அவளை அப்படியே தள்ளி ஏற்றிவிட்டார்கள். பர்ரென்று ஒரு சத்தம். பஸ் நகர்ந்தது. என் கையில் மாம்பழ நிறக் கிழிசல் மட்டும் இருந்தது. அம்மா ஜன்னலிலிருந்து கத்தினாள்: "அங்கயே நில்லு! நகராத!"

பூ விற்ற அக்கா, "அழாத கண்ணு, இன்னா ஆயிப்போச்சு இப்போ? உங்கம்மா வந்துகினே கீது" என்றாள். நான் நகரவில்லை. வண்டலூரில் இறங்கி அம்மா நடந்தே வந்தாள். நெரிசலில் செருப்பு எங்கேயோ போயிருந்தது.

மைதானத்தில் மகள் ஒருவழியாக நின்று, பந்தைப் பின்னால் வீசினாள். பிய்த்தவளே நாடாவைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்தே ஆக வேண்டுமாம், அதுவும் விதி. அதை ஒட்டிக்கொண்டு மகள் மறுபடி ஓடினாள்.

போன தையில் அம்மா தவறிப்போனாள். அதற்கு முன்பே நோயில் அவளுக்குப் பேச்சு நின்றிருந்ததால் நில்லென்றுகூடச் சொல்லவில்லை. ஆனாலும் நான் அங்கேயேதான் நிற்கிறேன்.